ஒன்பதாவது வரிசைக்கு மேல்

ஒரு சுவர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை, அது விழுந்து கிடக்கும் விதத்தை வைத்துச் சொல்லலாம். நாற்பது வயதுவரை எனக்கு இது தெரியாது. தெரிந்துகொண்ட வாரத்திலேயே அது உபயோகமில்லாமலும் போயிற்று.

திருச்சியில் ஒரு மாலைப் பத்திரிகையில் பதினோரு வருடம் துணையாசிரியராக இருந்தேன். அதன் பிறகு அபுதாபிக்கு வந்து ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலர் ஆனேன். வரும் கடிதத்துக்கும் போகும் கடிதத்துக்கும் எண் போடுவது, வரைபடங்களில் எந்தத் திருத்தம் கடைசியானது என்று கேட்டால் சொல்வது, இவ்வளவுதான் வேலை. இரண்டாயிரத்துகளின் கடைசியில் ஒரு குளிர்காலத்துக்கு என்னை ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே மண்ணுக்கடியில் பழைய கிறிஸ்தவ மடம் ஒன்று இருந்தது. ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால் கிழக்குத் திருச்சபைத் துறவிகள் கட்டி, வாழ்ந்து, பிறகு விட்டுப்போனது. தோண்டுகிறவர்களுக்கு ஆள், கேபின், சாப்பாடு, படகு எல்லாம் கொடுக்கும் காண்ட்ராக்ட் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, எண் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். என்னைக் கை காட்டினார்கள்.

வேலைக்கு வந்த பதினான்கு பேரும் அரியலூர், பெரம்பலூர், வேதாரண்யம் பக்கத்து ஆட்கள். ஊரில் ரோட்டு வேலை, கல் வேலை, உப்பளம் என்று பார்த்தவர்கள். முதல் வாரம் அவர்களுக்கு இருந்த சந்தேகம், இந்தச் சாமியார்கள் கடலுக்கு நடுவில் வந்து என்ன செய்தார்கள் என்பது. "நாம என்ன பண்றோமோ அதத்தான்" என்றார் ஒருவர். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மேடம் என்று எல்லோரும் அழைத்தவர் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். தோண்டுவது அவர் வேலையில் கால் பங்குதான். இல்லாமல் போனதை வரைவது மீதி முக்கால். முழங்கால் உயரத்துக்கு நிற்கும் சுவர்களை வைத்துக்கொண்டு, மேலே என்ன இருந்தது, கூரை எங்கே உட்கார்ந்தது, ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒவ்வொன்றாகத் தாளில் ஏற்றுவார். அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். சான்று இருந்தால் முழுக்கோடு. சான்றிலிருந்து ஊகித்தால் புள்ளிக்கோடு. ஊகிக்கவும் வழியில்லை என்றால் தாள் வெறுமையாகவே இருக்கும். பத்திரிகையில் எங்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தது. அவர் அளவுக்கு அதை நாங்கள் காப்பாற்றவில்லை.

அந்தப் பருவம் முழுக்க அவர் மண்டையைக் குடைந்தது ஒரே கேள்வி. துறவிகளின் அறைகள் இருந்த கிழக்குப் பகுதி ஒற்றைத் தளமா, மாடி இருந்ததா? நிற்கும் சுவரில் நான்கு கல்வரிசை மட்டும் மிச்சம். ஒற்றைத் தளம் என்றால் மொத்தம் பதினைந்து, பதினாறு வரிசை வரும். இருபதைத் தாண்டினால் மாடி. படிக்கட்டுக்கான தடம் எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அந்தச் சுவருக்கு வெளிப்புறம் மணலை எடுத்தபோது, கல் தெரிய ஆரம்பித்தது. வியாழன் காலை பத்து மணிக்குள் மேடம் மண்டியிட்டுவிட்டார். சுவர் ஒரே சமயத்தில், புத்தகம் சாய்வதைப் போல, மொத்தமாக வெளியே சாய்ந்து மணலில் படுத்திருப்பதாகத் தெரிந்தது. மணல் விலகிய ஓரத்தில் கற்கள் சிதறாமல் வரிசை வரிசையாகக் கிடந்தன. எண்ணினால் போதும், உயரம் தெரிந்துவிடும். ஆனால் அவர் எண்ணவில்லை. மேலே இன்னும் விரல் கனத்துக்கு மணல் இருந்தது. சுத்தம் செய்து, படம் எடுத்து, வரைந்து, அதற்குப் பிறகுதான் எண்ணுவேன் என்றார். அவசரமாக எண்ணிய எண் மனதில் உட்கார்ந்துவிட்டால் பிறகு கண் அதைத்தான் பார்க்கும் என்றார். மத்தியானத்துக்குள் ஆட்கள் பிரஷ்ஷால் தள்ளித் துடைத்துவிட்டார்கள். மேடம் அதற்குள் கேபினுக்குப் போய்விட்டார், துடைத்ததைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்தந்தக் குழியைப் படம் எடுத்து எண் போடுவது என் பொறுப்பு. அன்று எடுக்கவில்லை. நிலப்பகுதிக்குப் போகும் படகு காற்று காரணமாக முன்கூட்டியே கிளம்புவதாகச் சொன்னார்கள். நானும் மேடமும் அதே படகில் அபுதாபிக்குப் போவதாக இருந்தது. உச்சி வெயிலில் கல்லுக்கு நிழல் விழாது, சனிக்கிழமை காலைச் சாய்வெளிச்சத்தில் எடுத்தால் ஒவ்வொரு கல்லும் தனியாகத் தெரியும் என்று நான் சொன்னேன். அவரும் சரி என்றார். ஆயிரம் வருஷம் காத்திருந்தது, இரண்டு நாள் காத்திருக்கும் என்று இருவருமே நினைத்தோம்.

தீவில் இருந்தவர்களுக்குப் பொறுப்பு மேஸ்திரி. அரியலூர் பக்கம். நாற்பத்தேழு வயது. அந்த வயதில் அவருக்கு விசா கிடைத்ததே பழைய முதலாளி ஒருவர் சிபாரிசால்தான். ஏஜென்சிகளில் அவர் வயதைக் கேட்டதும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "இதுதான் சார் கடைசி விசா. இது போச்சுன்னா இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க முடியாது" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் முடிக்கிறவரை நான் இங்கே நின்றால் போதும் என்பார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

வியாழன் மாலை முசஃபா ஆபீசில் இருந்த புராஜக்ட் மேனேஜர் மேஸ்திரிக்குப் போன் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொல்லியல் இலாகாவிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், சைட் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு கல் காலில் தட்டக் கூடாது என்று இந்தியில் சொன்னார். இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. சொன்னது சரியாகவே புரிந்தது.

வெள்ளிக்கிழமை லீவு நாள். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்கு பேரும் போனார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மேடம் நல்ல மாதிரி, பெரிய ஆட்கள் முன்னால் அவர் தலைகுனியக் கூடாது என்றுதான் போனதாக எல்லோரும் பிறகு சொன்னார்கள். நம் ஊரில் ரோட்டு ஓரத்தில் கல் இறக்கினால் அதை அப்படியே விடுவதில்லை. ஓவர்சியர் டேப் வைத்து அளப்பதற்கு வசதியாக நீளம், அகலம், உயரம் பிசகாமல் அடுக்குவார்கள். அளந்ததற்கு அடையாளமாக மேலே ஒரு சுண்ணாம்புக் கோடு இழுப்பார்கள். அடுக்காத கல் வேலை செய்யாத கல். இவர்கள் இருபது வருடம் அப்படித்தான் கல்லைப் பார்த்திருந்தார்கள். விழுந்து கிடந்த சுவரை எடுத்து, மூன்று அடுக்காக, நூல் பிடித்தாற்போல அடுக்கிவிட்டார்கள். கீழே கிடந்த மணலையும் பெருக்கிச் சமன் செய்துவிட்டார்கள். சுண்ணாம்புதான் கிடைக்கவில்லை என்று மேஸ்திரிக்கு வருத்தம்.

சனிக்கிழமை காலை நான் கேமராவுடனும், சிவப்பு வெள்ளை அளவுக்கோலுடனும் மேடத்துக்குப் பின்னால் நடந்தேன். வெளிச்சம் நான் சொன்னபடி சாய்வாக, மிக நன்றாக இருந்தது. மூன்று அடுக்குகளின் நிழலும் சதுரமாக மணலில் விழுந்திருந்தது. மேஸ்திரி அடுக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறவர் எப்படி நிற்பாரோ அப்படி.

மேடம் மணல் அள்ளும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். டீ கிடைக்குமா என்று கேட்டார். டீ வந்தது. குடித்து முடித்தார். பிறகு, இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கச் சொன்னார். மூன்றரை மணி நேரம் என்றார் மேஸ்திரி. அதை மொழிபெயர்த்தேன். பிறகு, அந்தக் கற்கள் ஏன் அப்படிக் கிடந்தன என்பதையும் மொழிபெயர்த்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மேஸ்திரி முகம் மாறிவிட்டது. "ரோட்டுக்கல்லுன்னு நெனச்சிட்டனே சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்கள் வந்தார்கள். அடுக்குகளைப் பார்த்து மிகவும் பிடித்துப்போய், அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மேடம் நடந்ததை அப்படியே சொன்னார். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே இலாகா எங்கள் கம்பெனியிடம் யார் செய்தது என்று கேட்டிருக்கிறது. திங்கள் காலை மேனேஜர் போனில் சொன்னார்: மேஸ்திரிக்கு கேன்சல். விசா கேன்சலாகிப் போனால் பாஸ்போர்ட்டில் பேன் விழும், ஒரு வருடம் திரும்பி வர முடியாது. அந்தத் தடை முடியும்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயதாகியிருக்கும்.

மேடத்திடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து ஒரு வழி சொன்னார். இந்த ஆட்கள் ஒவ்வொரு கல்லையும் கையால் தூக்கியவர்கள். அவர்களால் நினைவிலிருந்து, கிடந்தபடியே திரும்ப வைக்க முடியுமா? முடிந்தால், அது நம்பும்படி இருந்தால், பெரிய இழப்பு இல்லை என்று தான் கம்பெனிக்கு எழுதித் தர முடியும். அந்தக் கடிதம் போனால் மேஸ்திரியை நிறுத்திக்கொள்வார்கள் என்று நானும் நினைத்தேன். மேனேஜரும் போனில் அப்படித்தான் சொன்னார்.

திங்களும் செவ்வாயும் வைத்தார்கள். நான் பாத்திர ஓடுகளுக்கு எண் போடும் கூடாரத்தில் இருந்ததால் முழுக்கப் பார்க்கவில்லை. போகும்போதும் வரும்போதும் பார்த்ததில், பேச்சு இல்லாமல், மிகக் கவனமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்து, திரும்ப வந்து கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். செவ்வாய் மாலைக்குள் அங்கே ஒரு இடிபாடு இருந்தது. கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, சில தூரத் தெறித்து, இடையில் மணல் தூவி, யார் பார்த்தாலும் இடிந்த சுவர் என்று சொல்லும்படி இருந்தது. மேடம் இரண்டு தடவை சுற்றி வந்தார். வியாழனன்று அவர் பார்த்தது மண்டியிட்டபடி, மணல் மூடிய நிலையில், ஒரு ஓரத்தைத்தான். படகு அவசரத்தில் நானும் அதற்கு மேல் நின்று பார்த்திருக்கவில்லை. ஓரம் ஓரளவு பொருந்தியது. மற்றதற்கு அவர்களை நம்புவதைத் தவிர வழியில்லை. சுவர் ஒரு பகுதிதான் மொத்தமாகச் சாய்ந்தது, மீதி நொறுங்கியிருக்கிறது, உயரம் கண்டுபிடிக்க முடியாது என்று குறித்துக்கொண்டார். புதன் காலைப் படகில் கடிதம் போகும் என்றார்.

அன்று மாலை, விளக்குப் போடும் நேரத்தில், என் சொந்தக் கேமராவிலிருந்து படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலைக்கான கேமரா வேறு, இது சின்னது. அதில் ஒரு படம் இருந்தது. வியாழன் மத்தியானம் எடுத்தது. அன்று யாரோ தூண்டில் போட்டுப் பெரிய மீன் ஒன்று பிடித்திருந்தார்கள். கேம்ப் சாப்பாட்டில் அலுத்திருந்தவர்களுக்கு அது ஒரு விசேஷம். சட்டியோடு சைட்டுக்கே கொண்டுவந்து சாப்பிட்டார்கள். மேஸ்திரிதான் ஒரு படம் எடுக்கச் சொன்னார். "மீன் கொழம்போட எடுங்க சார், எங்க வீட்டுல நான் இங்க பட்டினி கெடக்கிறன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க."

படத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தட்டோடு சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், நிழல் இல்லாத வெளிச்சத்தில், சுவர் படுத்துக் கிடந்தது. வரிசை வரிசையாக. இன்று வைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மேஸ்திரியை என் கேபினுக்குக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், திரையில் முதலில் மீன் சட்டியைத்தான் பார்த்தார்.

"இது வியாழக்கெழம எடுத்ததுதான சார்."

"பின்னால பாருங்க."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வரிசையாத்தான் கெடந்துருக்கு" என்றார்.

"நீங்க வச்சது இப்படி இல்லையே, மேஸ்திரி."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேதாரண்யத்துக்காரர் ஒருவர், உப்பளத்தில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர், திங்கட்கிழமை முதல் கல்லை வைக்கும்போதே சொன்னாராம், வரிசையாகத்தான் கிடந்தது என்று. இன்னும் இரண்டு பேருக்கும் அப்படித்தான் ஞாபகம். மேஸ்திரிதான் வேண்டாம் என்றிருக்கிறார்.

"வரிசையாப் போட்டா அந்தம்மா என்னா நெனைக்கும் சார்? திரும்பவும் அடுக்கிட்டானுங்கன்னுதான நெனைக்கும்? எவன் நம்புவான்? இடிஞ்ச செவுரு எங்கனாச்சும் நூல் புடிச்ச மாதிரி கெடக்குமா?" திரையை மறுபடி பார்த்து, "எனக்கும் வரிசையாக் கெடந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அது நாம அடுக்குனதுனால வந்த நெனப்போன்னு ஒரு சந்தேகம்" என்றார்.

அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. உண்மையாக வைத்தால் பொய்யாகத் தெரியும் என்று பயந்து, நம்பும்படி வைத்திருக்கிறார்கள்.

"லெட்டர் நாளைக்குப் போயிருமா சார்?"

"காலைப் படகுல போயிடும்."

"அப்ப நாளான்னிக்குக் காட்டுங்க. காட்ட வேணாம்னு நான் சொல்லல." எழுந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். "காட்டத்தான் வேணும். அது அந்தம்மாவோட வேலையாச்சே."

பத்திரிகையில் ஒருமுறை ஒரு விபத்துச் செய்தியில், வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரும்வரை பெயரை ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டார்கள். தள்ளிப் போட்டோம். அதனால் யாருக்கும் தீங்கில்லை. அந்த நியாயத்தை எடுத்து இதற்குப் பொருத்திக்கொண்டேன். புதன் காலை கடிதத்துக்கு எண் போட்டு, உறையில் வைத்து, படகோட்டியிடம் கொடுத்தேன். கற்கள் திருப்திகரமாக மீண்டும் வைக்கப்பட்டன, பெரிய இழப்பு இல்லை, மேஸ்திரியின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது என்று அதில் இருந்தது. மத்தியானம் மேனேஜர் போன் செய்து, கேன்சலை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் மேஸ்திரி எனக்கு ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்தார். ரவை சரியாக வேகவில்லை. சாப்பிட்டேன்.

வியாழன் காலை மேடத்திடம் படத்தைக் காட்டினேன்.

அவர் திரையைப் பெரிதாக்கினார். பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். நிற்கும் சுவரின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் பென்சில் நின்றுவிட்டது. பத்தாவது வரிசை இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. ஒருவர் எல்லோருக்கும் சோறு பரிமாறிக்கொண்டிருந்ததால் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முதுகு படத்தின் விளிம்புவரை மறைத்திருந்தது.

நிற்கிற நான்கு, கிடக்கிற ஒன்பது. மொத்தம் பதின்மூன்று. பதின்மூன்றாவது வரிசை ஒற்றைத் தளத்திலும் இருக்கும், மாடி இருந்தாலும் இருக்கும்.

இது யார் என்று கேட்டார். மேஸ்திரி என்றேன். வேறு படம் இருக்கிறதா என்றார். இல்லை. இதை எப்போது பார்த்தீர்கள் என்றார்.

"செவ்வாய் மாலை."

"செவ்வாய்" என்று அவர் ஒருமுறை சொன்னார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, கடிதம் எழுத ஆரம்பித்தார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குச் சில வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

கடிதம் இரண்டு பத்தி. முதல் பத்தியில், நேற்றைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், புதிதாகக் கிடைத்த படத்தின்படி கற்கள் கிடந்தபடி வைக்கப்படவில்லை, இழப்பு சரிசெய்ய முடியாதது என்று இருந்தது. இரண்டாவது பத்தி நீளம். தவறு தொழிலாளர்களுடையது அல்ல, படம் எடுக்காமலும் எச்சரிக்காமலும் தீவை விட்டுப்போன தன்னுடையது, படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டிய என்னுடையதும்கூட, சொன்ன வேலையை ஒரு நல்ல மேற்பார்வையாளர் எப்படிச் செய்வாரோ அப்படித்தான் மேஸ்திரி செய்தார், அவர் மீது நடவடிக்கை எடுத்தால் அது அநியாயம் என்று எழுதியிருந்தார். ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.

இரண்டாவது பத்தியை முதலில் போட முடியுமா என்று கேட்டேன். மாறியிருப்பது எதுவோ அதுதான் முதலில் வர வேண்டும் என்றார். பதினோரு வருடம் நான் நிருபர்களுக்குச் சொன்னதும் அதுதான். செய்தி முதல் பத்தியில். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதுவரை படிப்பதில்லை. கடிதத்துக்கு எண் போட்டேன். முந்தைய கடிதத்தின் எண்ணுக்கு அடுத்த எண்.

அன்றைய படகில் நானே போனேன். ஆபீசில் நேரே மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது பத்தியை விரலால் காட்டினேன். பார்த்தேன், பார்த்தேன் என்றார். படம் எடுக்காமல் விட்டது நான்தான், அந்தப் பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. "உன் விசா ஹெட் ஆபீஸ் விசா பாய். இந்தக் காண்ட்ராக்ட்லயே நீ இல்ல. கிளையன்ட் இந்தக் காண்ட்ராக்ட்ல ஒரு பேரு கேக்கறான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, கடிதத்தை விசா வேலை பார்க்கும் ஆளிடம் கொடுத்தார். "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை மேடம் வரைபடத்தைத் திருத்தினார். கிழக்குச் சுவரின் பதின்மூன்று வரிசைகளையும் கல் கல்லாக முழுக்கோட்டில் போட்டார். ஒற்றைத் தளமானால் கூரை வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே கோடு நின்றது. அதற்கு மேல் புள்ளிக்கோடு போடலாமா என்று பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் போடவில்லை. தாளை அப்படியே விட்டார். மேனேஜருக்கு அவரே இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை எடுத்தார்கள்.

மேஸ்திரி செவ்வாய்க்கிழமைப் படகில் கிளம்பினார். போக வர ஆட்களைப் பதிவு செய்யும் தாள் என்னிடம்தான் இருந்தது. போகும் கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். திரும்பும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் ஒரு கோடு போட வேண்டும். போட்டேன்.

படகுத்துறையில் அவர் என்னிடம் கேட்டது அந்தப் படம். ஏற்கனவே பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். கையில் வாங்கித் தூரத்திலும் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கானுவோ. நான் எங்க சார்?"

சட்டையைக் காட்டினேன்.

"மொதுகா" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். "இதக் கொண்டுபோய்க் காட்டுனா எம் பொண்ணு நம்பாது. எவனோ ஒருத்தன்னு சொல்லும்."

பிறகு படத்தைத் திரும்பப் பார்த்து, "நான் கொஞ்சம் இந்தாண்ட உக்காந்திருந்தன்னா எத்தன வரிச தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார்.

"முழுக்கத் தெரிஞ்சிருக்கும், மேஸ்திரி."

தலையாட்டினார். "நீங்களாச்சும் தள்ளி உக்காருய்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சார்."

கல்யாண வீட்டில் தூண் மறைத்ததைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். அதில் குற்றச்சாட்டு இல்லை. படகோட்டி யல்லா, யல்லா என்று அவசரப்படுத்தினார். மேஸ்திரி படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டு ஏறினார். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. அவர் வேண்டுமென்று போட்டுக்கொண்டதல்ல. அவரிடம் நல்ல சட்டை என்று இருந்தது அது ஒன்றுதான்.

நான் சைட்டுக்குத் திரும்பியபோது வேதாரண்யத்துக்காரர் கிழக்குச் சுவரின் அருகில் தனியாக நின்றிருந்தார். மேஸ்திரி பொறுப்பைத் தற்காலிகமாக அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் முன்னால் அந்தக் கற்கள், அவர்கள் கவனமாகச் சரித்து வைத்த நிலையிலேயே கிடந்தன.

"இத என்ன சார் பண்றது?" என்றார். "அடுக்கவும் வேணாம்னுட்டாங்க. பழையபடி வரிசையா வைக்கவான்னு கேட்டேன், அதுவும் வேணாங்குறாங்க. இப்படியே விட்டா இதுவும் பொய்."

மேடத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவர் அப்போது வரைபட மேசையில் வேறொரு அறையை ஆரம்பித்திருந்தார். கேட்டேன். தலை நிமிராமல், தெரியவில்லை என்றார். அந்தச் சொல்லைத் தமிழில் வேதாரண்யத்துக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அதைச் செய்தேன். அவர் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து கற்கள் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைக்கத் தேடினார். அங்கே கிடந்த எந்தக் கல்லையும் அவர் எடுக்கவில்லை. கேம்ப்வரை நடந்து போய் நான்கு சிமென்ட் கட்டிகளைத் தூக்கி வந்தார்.